தைத்தால் மட்டும் நிற்காது

மூட்டு மாற்று அறுவை முடிந்து எட்டு மாதம் ஆன ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 62, எடை 60 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருபது வருடம் நின்றவர். புது மூட்டு வந்த பிறகு வலியில்லாமல் நடக்கிறார், படி ஏறுகிறார். ஒருநாள் வாசல்படியில் கால் மடிந்து விழுகிறார். முட்டியில் ஏதோ 'படக்' என்று விட்டுப்போன மாதிரி ஓர் உணர்வு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். பொருத்திய உலோகம் அசையவில்லை, எலும்பும் முறியவில்லை. ஆனால் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கச் சொன்னால் குதிகால் மெத்தையை விட்டு எழவே இல்லை.

வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: "மூட்டு நல்லா இருக்குதுங்கறீங்க, அப்புறம் ஏனுங்க கால் எந்திரிக்க மாட்டேங்குது?" காலைத் தூக்கும் நாண் அறுந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அறுந்ததைத் தெச்சுடலாமில்லீங்களா?"

ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று ஊரே தையலில் வாழும் திருப்பூரில் இரண்டாவது கேள்வி இயல்பாக எழும். அதற்கான விடை எளிதல்ல. வெறும் தையல் இந்த இடத்தில் பெரும்பாலும் நிற்பதில்லை. நிற்கும்படி செய்ய மருத்துவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, இந்த ஊர் நன்கறிந்த பொருளான பின்னல் துணி. அந்தத் துணி எப்படி நாணாக மாறுகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

காலை நீட்டுவது யார்?

மூட்டு மாற்று அறுவையில் மாற்றப்படுவது எலும்பு முனைகளின் தேய்ந்த மேற்பரப்பு மட்டுமே. தொடை எலும்பின் கீழ்முனைக்கு உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனைக்கு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான பாலித்தீன் பலகை. இவற்றில் எதற்கும் தானாக அசையும் சக்தி கிடையாது. அசைப்பது, அறுவைக்கு முன்பு அசைத்த அதே சொந்தத் தசைதான்.

தொடையின் முன்பக்கம் நான்கு தசைகள் சேர்ந்த ஒரு பெரிய தசைக்கட்டு இருக்கிறது. முட்டியை நெருங்கும்போது நான்கும் ஒரே பட்டையாகக் குறுகி, முட்டிச் சில்லின் மேல்விளிம்பில் பிடித்துக்கொள்கின்றன. சில்லின் கீழ்விளிம்பிலிருந்து இன்னொரு பட்டை இறங்கி, கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் முடிகிறது. முட்டிக்குக் கீழே விரலால் தடவினால் தட்டுப்படும் புடைப்பு அதுதான். தசையை எலும்போடு கட்டும் இப்படிப்பட்ட உறுதியான பட்டைக்குத் தசைநாண் என்று பெயர். சில்லுக்கு மேலிருப்பதை மேல்நாண், கீழிருப்பதைக் கீழ்நாண் என்று இந்த அத்தியாயத்தில் அழைப்போம். தசை, மேல்நாண், சில்லு, கீழ்நாண், எலும்பு மேடு என்ற இந்த வரிசை முழுவதும் ஒரே தொடர். இதை நீட்டுத் தொடர் எனலாம்.

பேச்சுவழக்கில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் 'ஜவ்வு' என்று சொல்லிவிடுகிறோம். எலும்பையும் எலும்பையும் கட்டும் நார் வேறு, எலும்பு முனையில் மெத்தையாக இருக்கும் குருத்து வேறு, இந்த நாண் வேறு. மற்றவற்றில் ஒன்று பழுதானால் கால் ஆடும், வலிக்கும். நீட்டுத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் கால் நீளாது. நின்றால் முட்டி மடங்கி ஆளை விழத்தாட்டும்.

இது அரிய பழுதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 23,800 மாற்று மூட்டுகளில் மேல்நாண் அறுந்தவை 24. கீழ்நாணையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரத்தில் ஒருவர் முதல் நூற்றில் இரண்டரைப் பேர் வரை என்று பல ஆய்வுகள் பலவிதமாகச் சொல்கின்றன. விகிதம் சிறியது. ஆனால் அறுந்தவருக்கு அந்தக் கால் முழுதாகப் பயனற்றுப் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, தொங்கும் காலை நேராக நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் சுமை இல்லை, காலிலும் சுமை இல்லை. நாணில் எவ்வளவு இழுவிசை விழும்?

முட்டிக்குக் கீழுள்ள காலும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். 60 கிலோ உடலுக்கு அது மூன்றரைக் கிலோ. இந்த எடை முழுவதும் முட்டியிலிருந்து சுமார் 24 சென்டிமீட்டர் தள்ளி ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் நாண் இழுக்கும் இடம் மூட்டின் சுழல்மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளாமல் கீல் பக்கம் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். தூரம் ஆறில் ஒரு பங்கானால் விசை ஆறு மடங்கு வேண்டும். மூன்றரைக் கிலோ காலை நீட்ட, நாண் 21 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும்.

இப்போது அவர் மாடிப்படி ஏறுகிறார். ஒற்றைக் காலில் உடல் எழும்பும் அந்த நொடியில் உடல் எடை முட்டிக்குப் பின்னால் சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறது. நாண் அதே 4 சென்டிமீட்டரில். ஆகவே மூன்று மடங்கு. 60 கிலோ உடலை ஒரு படி உயர்த்த, நாணில் ஏறத்தாழ 180 கிலோ இழுவிசை. தடுமாறி விழப்போகும்போது உடலைத் தாங்கப் பார்க்கும் கணத்தில் இது இன்னும் பல மடங்கு கூடும். நல்ல நாண் இதையெல்லாம் தினம் ஆயிரம் முறை தாங்குகிறது. அறுந்து ஒட்டுப்போட்ட நாண் தாங்குமா?

தையல் ஏன் விட்டுப்போகிறது?

தையல் நூல் வலுவில்லாதது அல்ல. இன்று எலும்பு அறுவைக்குப் பயன்படும் நூல்கள் மிக உறுதியானவை. விட்டுப்போவது நூல் அல்ல, அது குத்திப் பிடித்திருக்கும் திசு.

நாண் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில் நெருங்கி அடுக்கிய கற்றை. இழுவிசைக்கு ஏற்ற அமைப்பு. அதே காரணத்தால், இழைகளின் திசையிலேயே நூலை இழுத்தால் அது இழைகளுக்கு நடுவே அறுத்துக்கொண்டு போகும். இளைஞர் ஒருவருக்கு விளையாட்டில் அறுந்த நாணைத் தைத்தால், சில வாரங்களில் திசு வளர்ந்து சேர்ந்து நூலின் வேலையைத் தான் ஏற்றுக்கொள்கிறது. மாற்று மூட்டு உள்ளவருக்கு அந்த வளர்ச்சிக்கான வாய்ப்பே குறைவு.

காரணங்கள் பல. நாணுக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு. மூட்டு மாற்றும்போது பெரும்பாலும் சில்லின் உட்பக்கமாக வெட்டித் திறக்கிறார்கள்; அந்த வெட்டில் சில்லைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் சில போய்விடுகின்றன. சில்லின் பின்பக்கத்தைச் சீவிப் பிளாஸ்டிக் வில்லை பொருத்தியிருந்தால் அங்கும் ரத்தம் குறையும். இரண்டாவது, மூன்றாவது முறை மூட்டு திறக்கப்பட்டவர்களுக்குச் சுற்றிலும் தழும்புத் திசுதான் மிச்சம். இதோடு நீரிழிவு, முடக்குவாதம், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை நாணை உள்ளிருந்தே நலிய வைக்கின்றன. அடியில் இருப்பதோ மென்மையான குருத்து அல்ல, கடினமான உலோகம். முட்டியின் முன்பக்கத்தில் தோலுக்கடியில் சதை கிடையாது என்பதால், வெளியிலிருந்து புதிய ரத்தக் குழாய் வரவும் வழி குறைவு.

ஆக, 180 கிலோ விசை ஒரு பக்கம், வளர மறுக்கும் திசு மறுபக்கம். நடுவில் நூல் மட்டும் நிற்கிறது. அது தோற்பதில் வியப்பில்லை. பாதி மட்டும் கிழிந்த நாணுக்கு இது பொருந்தாது. கால் ஓரளவு நீளுகிறது என்றால் அறுவையே இல்லாமல், காலை நீட்டி வைத்துக் கட்டுப்போட்டே பலருக்குக் குணமாகிறது. முழுதாக அறுந்ததைத்தான் வெறும் தையலால் காப்பாற்றுவது கடினம்.

இரவல் நாணும் அதில் கிடைத்த பாடமும்

சொந்த நாண் தேறாது என்றால் வேறு நாண் வேண்டும். தொடையின் பின்பக்கமுள்ள ஒரு மெல்லிய நாணை எடுத்து முன்பக்கம் சுற்றிக் கட்டும் முறை உண்டு. கெண்டைக்கால் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி முன்னால் கொண்டுவரும் முறையும் உண்டு. 1990-இல் அமெரிக்காவின் எமர்சன் குழு இன்னொரு வழியை அறிவித்தது. இறந்த கொடையாளரிடமிருந்து நீட்டுத் தொடர் முழுவதையும், எலும்பு மேட்டிலிருந்து மேல்நாண் வரை, அப்படியே எடுத்துப் பொருத்தினார்கள். குதிகால் நாணை எலும்புத் துண்டோடு எடுத்துப் பொருத்துவதும் வந்தது.

இந்த இரவல் நாண்கள் சிலருக்கு நன்றாக வேலை செய்தன, சிலருக்கு மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஏன் என்பதை 2004-இல் சிகாகோ மருத்துவர்கள் காட்டினார்கள். 7 முட்டிகளில் நாணைத் தளர்வாக வைத்துப் பொருத்தியிருந்தார்கள். 13 முட்டிகளில் காலை முழுக்க நீட்டி வைத்து, நாணை இறுக்கி இழுத்துப் பொருத்தியிருந்தார்கள். முதல் ஏழும் தோற்றன. அவர்களால் காலை நேராக நீட்ட முடியாமல் சராசரியாக 59 பாகை குறைந்து நின்றது. இறுக்கிக் கட்டிய பதின்மூன்றும் வென்றன; குறை சராசரி 4 பாகை சொச்சம். பிறர் கையால் நீட்டிவிட்டால் முழுதாக நீளும் கால், தன் முயற்சியில் எத்தனை பாகை குறைந்து நிற்கிறதோ அதை நீட்சிக்குறை என்று அழைப்போம். இந்தக் கதையின் வெற்றி தோல்வி எல்லாம் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

அறுவை முடியும்போது நாண் அளவுக்கு மீறி இறுக்கமாக இருப்பதாகத் தோன்ற வேண்டும். கால் மடங்குமா என்று அந்த மேசையிலேயே மடக்கிச் சோதிக்கக் கூடாது. சிகாகோ தந்த பாடம் இதுதான். பிறகு வந்த முறைகளும் இதைக் கைக்கொண்டன.

இரவல் நாணுக்கு ஒரு பெரிய தடை, அது கிடைப்பது. இந்தியாவில் திசுக் கொடைக்குச் சட்டத்தில் 2011 திருத்தத்தில் இடம் கிடைத்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988 முதலே திசு வங்கி உண்டு. இருந்தாலும், எலும்போடு கூடிய முழு நாண் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் கிடைப்பது இங்கே அரிது. விலையும் கூடுதல். கிடைத்தாலும் அது உயிரற்ற திசு. ஆண்டுகள் போகப் போக நீண்டு தளரக்கூடும்.

பின்னல் துணி உடலுக்குள் வந்த வழி

இரவல் நாணுக்கு மாற்றாக வந்த பின்னல் துணியின் கதை அதன் இழையில் தொடங்குகிறது. 1954-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஜூலியோ நாட்டா ஒழுங்கான அமைப்புடைய பாலிப்ரொப்பிலீனை உருவாக்கினார். 1963-இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். சாக்குப் பை முதல் கயிறு வரை இன்று நாம் பார்க்கும் அதே பிளாஸ்டிக்.

அதே ஐம்பதுகளின் இறுதியில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்சிஸ் அஷர் என்ற அறுவை மருத்துவர் குடலிறக்கத்துக்கு நல்ல வலைத்துணி தேடிக்கொண்டிருந்தார். அவர் முதலில் பயன்படுத்தியது மார்லெக்ஸ் என்ற பெயரில் வந்த பாலித்தீன் இழையால் நெய்த துணி. அதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, பாலித்தீன் சீக்கிரம் இளகும். நீராவி அழுத்தக் கலனில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. மற்றொன்றைப் பல்லடம், சோமனூர் விசைத்தறிக்காரர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். தறித் துணியைக் கத்தரித்தால் ஓரத்தில் பாவும் ஊடையும் பிரிந்து வரும். அறுவை மேசையில் நோயாளியின் அளவுக்கு வெட்டிய துண்டு, தைப்பதற்குள் ஓரம் பிரிந்தால் தையல் எங்கே பிடிக்கும்?

அறுபதுகளின் தொடக்கத்தில் அஷர் பாலிப்ரொப்பிலீனுக்கு மாறினார். அது 160 பாகை செல்சியசைத் தாண்டித்தான் உருகும். கிருமி நீக்கும் வெப்பத்தைத் தாங்கும். நெசவிலிருந்து பின்னலுக்கும் மாறினார். பின்னல் துணி இரு திசையிலும் நெகிழ்ந்து கொடுத்தது, ஓரம் உறுதியாக நின்றது.

இங்கே திருப்பூர்க்காரர் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும்: "பின்னல் துணியும் பிரியுமே, ஒரு லூப் விட்டால் நூல் ஓடுமே?" உண்மைதான். இந்த ஊரின் வட்டப் பின்னல் எந்திரங்களில் ஒரே நூல் அகலவாக்கில் லூப்புக்குள் லூப்பாக ஓடுகிறது. சிங்கிள் ஜெர்சியில் ஓர் ஊசி தவறினால் டிராப் ஸ்டிச் விழுந்து கீழே வரை கோடு ஓடும். அறுவைத் துணி வேறு வகை. அதில் ஒவ்வோர் ஊசிக்கும் தனி நூல் பாவிலிருந்து நெடுக்காக வருகிறது. ஒவ்வொரு நூலும் பக்கத்து வரிசையோடு மாறி மாறிக் கோத்துக்கொள்கிறது. வார்ப் நிட்டிங் எனப்படும் இந்தப் பாவுப் பின்னலில் ஓரிடத்தில் வெட்டினாலும் பிரிவு அங்கேயே நின்றுவிடும். கொசுவலையும் இவ்வகைப் பின்னல்தான். எந்த அளவில் வெட்டினாலும் பிரியாத துணி, அளவெடுத்துத் தைக்க முடியாத உடலுக்கு மிகப் பொருத்தமானது.

கண்ணின் அளவில்தான் உயிர்

துணியின் உறுதி பாதிக் கதைதான். மீதிப் பாதி அதன் கண்களில், அதாவது நூல்களுக்கு நடுவே உள்ள துளைகளில் இருக்கிறது.

உடலுக்குள் அயல்பொருள் ஒன்று நுழைந்தால், விழுங்கணு என்ற காவல் அணுக்கள் முதலில் வந்து சூழும். அவற்றின் பின்னால் நாரணுக்கள் வந்து கொலாஜன் இழைகளைச் சுரக்கும். அவற்றுக்கு உணவு கொண்டுவர நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைக்கும். இவை மூன்றும் தாராளமாக உள்ளே போய்வர, துளை குறைந்தது 75 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது குடலிறக்க மருத்துவர் அமீது 1997-இல் வகுத்த அளவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 75 மைக்ரான் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்.

அதே பகுப்பில் நூலைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. பல மெல்லிழைகளை முறுக்கிய நூலில் இழைகளுக்கு இடையே 10 மைக்ரானுக்கும் குறைவான சந்துகள் இருக்கும். பாக்டீரியாவின் அளவு ஒரு மைக்ரான் அளவுதான். அது சந்துக்குள் புகுந்துவிடும். விழுங்கணு 10 மைக்ரானைவிடப் பெரியது. துரத்திப் போக முடியாது. கிருமி ஒளிந்து வளர அதுவே இடமாகிவிடும். ஆகவே முறுக்கு நூல் வேண்டாம், ஒற்றை இழை போதும். உடம்பில் போடும் பனியனுக்குப் பஞ்சின் முறுக்கு நூல் தரும் மென்மை அருமை. உடம்புக்குள் போகும் துணிக்கு வழவழப்பான ஒற்றை இழைதான் பாதுகாப்பு.

இந்த அறிவை இந்தியச் சூழலுக்குக் கொண்டுவந்தவர் மராட்டிய மாநிலம் தொண்டாய்ச்சாவில் பணியாற்றிய மருத்துவர் ரவீந்திரநாத் தோங்கோங்கர். விலை உயர்ந்த இறக்குமதி வலைக்கு மாற்றாக, முறைப்படி கிருமி நீக்கிய கொசுவலைத் துணியைக் குடலிறக்க அறுவையில் பயன்படுத்தி, 2003-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். அந்த வழி பின்னர் ஆப்பிரிக்க நாடுகளிலும் பரவியது. கரூரில் ஓடும் கொசுவலை எந்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பான செய்தி. ஆனால் அந்த அனுபவம் குடலிறக்கத்தோடு நிற்கிறது. முட்டி நாணுக்கான துணி, அதற்கென்று தரச்சோதனை முடித்த மருத்துவத் துணியாகவே இருக்க வேண்டும்.

துணி நாணாவது எப்படி?

மேயோ கிளினிக்கில் ஆர்லன் ஹான்சன் வகுத்த முறையை, அவரும் ஜேம்ஸ் பிரவுனும் 2011-இல் வெளியிட்டார்கள். நம் அம்மாவின் கீழ்நாண் முழுதாக அறுந்திருக்கிறது என்று கொண்டு அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் துணி. சுமார் 25 சென்டிமீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் பின்னல் துணியை நீளவாக்கில் பத்து மடிப்பாக மடிக்கிறார்கள். இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள தடித்த பட்டை கிடைக்கிறது. கரையாத நூலால் அதை ஓரம் பார்த்துத் தைத்து உறுதியாக்குகிறார்கள். ஒற்றை மடிப்பில் இந்தத் துணி முட்டியின் விசையைத் தாங்காது. பத்து மடிப்பு சேர்ந்து தாங்குகிறது.

அடுத்து கீழ்ப்பிடிமானம். கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டி, பட்டையின் கீழ்முனையை உள்ளே செலுத்தி, எலும்புச் சிமென்ட்டால் நிரப்புகிறார்கள். சிமென்ட் துணியின் கண்களுக்குள் புகுந்து இறுகிவிடும். கூடவே ஒரு திருகாணி. இந்த முனை இழுவிசையைத் திசுவின் தயவில்லாமல் தாங்கும்.

பிறகு பாதை. துணி நேராக உலோகத்தின் மேல் உரசினால் நாளடைவில் தேயும். எனவே துணிக்கும் மாற்று மூட்டுக்கும் நடுவே நோயாளியின் சொந்தத் திசுவை ஒரு படலமாகப் பரப்புகிறார்கள். பட்டையைச் சில்லின் வெளிப்பக்கமாக மேலே கொண்டுபோகிறார்கள்.

கடைசியாக மேல்பிடிமானம். காலை முழுக்க நீட்டி, தொடைத் தசைகளை வலுவாகக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கத் தசையைப் பட்டைக்கு அடியிலும் உட்பக்கத் தசையைப் பட்டைக்கு மேலும் வைத்துத் தைக்கிறார்கள். துணி இரு தசைகளுக்கும் நடுவே முழுதாக மறைந்துவிடுகிறது. தைத்த இடம் ஒரே கோடாக இல்லாமல் ஒரு கை அகலப் பரப்பாக இருப்பதால், விசை ஒரு நூலில் விழாமல் நூற்றுக்கணக்கான கண்களில் பரவுகிறது.

அறுவை முடிந்த அன்று காலைத் தாங்குவது நூலும் சிமென்ட்டும்தான். மூன்று மாதம் கழித்துத் தாங்கப்போவது, துணியின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் நுழைந்து இறுகிய அம்மாவின் சொந்தக் கொலாஜன். முறை முழுவதும் முன்னதிலிருந்து பின்னதற்கு வேலையைக் கைமாற்றுவதற்காகவே அமைந்திருக்கிறது.

பன்னிரண்டு வாரம்

கைமாறும் வரை கால் அசையக் கூடாது. தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு, கால் முழு நீட்டத்தில், 10 முதல் 12 வாரம். ஊன்றுகோலோடு நடக்கலாம், முட்டியை மடக்கக் கூடாது. சாதாரண மூட்டு மாற்றில் மறுநாளே மடக்கச் சொன்ன அதே மருத்துவர்கள் இப்போது மூன்று மாதம் மடக்காதே என்கிறார்கள். இந்த முரண் பல குடும்பங்களைக் குழப்புகிறது. அங்கே வெட்டிய இடம் தசைகளை ஒட்டிய உறை; விரைவில் ஆறும். இங்கே துணிக்குள் புது நாண் வளர வேண்டும். ஐந்தாம் வாரத்தில் அவசரப்பட்டு ஒருமுறை மடக்கினால், இளந்திசு துணியிலிருந்து உரிந்துவரக்கூடும். பிறகு அதே இடத்தில் திரும்ப வளர்வது கடினம்.

கட்டுப் பிரித்த பிறகு கீல் வைத்த உறையைப் போட்டு, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மடக்க விடுகிறார்கள். இலக்கு 90 பாகைக்குச் சற்று மேல். நாற்காலியில் உட்கார, பஸ் படி ஏற, மேற்கத்திய கழிப்பறை பயன்படுத்த அது போதும். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதும் குத்தவைப்பதும் இதற்கு அப்பால். நாண் பிழைக்க வேண்டுமானால் அந்த ஆசையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

எவ்வளவு தேறும்? 2011-இல் அறிவித்த 13 பேரில் 9 பேருக்கு நீட்சிக்குறை 10 பாகைக்குள் வந்தது. 2018-இல் அதே மருத்துவமனை 77 முட்டிகளின் முடிவுகளை வெளியிட்டது. நீட்சிக்குறை சராசரியாக 26 பாகை குறைந்து, 9 பாகையில் நின்றது. எல்லோருக்கும் வெற்றி இல்லை. சிலருக்குத் துணி பிடிக்காமல் போனது, சிலருக்குக் கிருமி தொற்றியது. மூட்டுக்குள் ஏற்கெனவே தொற்று இருந்தால் அதை ஒழித்த பிறகே துணி வைக்கலாம். நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகையிலையை விடுவதும் அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டிய சிகிச்சை.

விழுந்த அன்று என்ன பார்ப்பது?

மூட்டு மாற்றியவர் விழுந்தால், எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்ற செய்தியோடு வீடு திரும்பிவிடக் கூடாது. எக்ஸ்ரே உலோகத்தையும் எலும்பையும் காட்டும், நாணைக் காட்டாது. சில்லு வழக்கமான இடத்தைவிட மேலேறியோ கீழிறங்கியோ இருப்பதை மட்டும் மறைமுகமாகக் காட்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை மூன்று. படுத்துக்கொண்டு முட்டியை மடக்காமல் குதிகாலைத் தூக்க முடியாமல் போகிறதா? சில்லுக்கு மேலோ கீழோ விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறதா? நடக்கும்போது முட்டி திடீரென மடங்கி விடுகிறதா? ஏதாவது ஒன்று இருந்தால், காலை நீட்டியபடியே பலகையோ உறையோ வைத்துக் கட்டி, மூட்டு அறுவை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அல்ட்ராசவுண்ட் சோதனையில் நாணின் கிழிசல் தெரியும். பாதி கிழிந்ததை அன்றே கட்டுப்போட்டால் அது முழுதாக அறுவதைத் தடுக்கலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் தொடைத் தசை சுருங்கி மேலேறிவிடும். பிறகு எந்தத் துணியாலும் அதை எட்டிப் பிடிப்பது கடினம்.

இதை 'எண்ணெய் போட்டு நீவி' சரிசெய்யப் பார்ப்பது பெருந்தவறு. அறுந்த நாணை நீவினால் இரு முனைகளும் இன்னும் விலகக்கூடும்.

91 நாள்

மருத்துவத் துணிகளைப் பற்றிய அறிவு இந்த மண்டலத்துக்குத் தொலைவில் இல்லை. கோவையில் 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சிட்ரா, இன்று மருத்துவ ஜவுளிக்கான உயர்திறன் மையமாக இயங்குகிறது. பின்னல் அறிந்த கைகளும் ஊசியின் கேஜ் அறிந்த கண்களும் திருப்பூரில் நிறைய உண்டு. அறுவைத் துணியை இங்கேயே தரத்தோடு தயாரிக்க இந்த மண்டலம் முனைய வேண்டும். ஆனால் இந்தச் சிகிச்சையில் நம் ஊரில் கிடைக்க அரிதான பொருள் துணி அல்ல, காலம்.

12 வாரம் என்றால் 84 நாள். இஎஸ்ஐ திட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்கு, உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மாவுக்கட்டு முடிந்ததும் மிச்சம் ஏழு நாள். முட்டியை மடக்கப் பழகும் வாரங்கள் அதன் பிறகுதான் தொடங்குகின்றன. இதுவும் கம்பெனிப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும். பீஸ் ரேட்டில் வீட்டிலிருந்தே பிசிறு வெட்டுபவர்கள், காண்டிராக்டரின் நோட்டில் மட்டும் பெயர் இருப்பவர்கள், அறுபதைத் தாண்டியும் பட்டியலில் பெயரில்லாமல் பேரப்பிள்ளைகளின் படிப்புக்காக டேபிளில் நிற்பவர்கள் ஆகியோருக்கு அந்த 91 நாளும் இல்லை. ஆறாம் வாரத்தில் கட்டைப் பிரித்துவிட்டு வேலைக்குப் போகத் தூண்டுவது அறியாமை அல்ல, வாரச் சம்பளம்.

துணியின் கண்ணுக்குள் கொலாஜன் வளரும் வேகத்தைச் சம்பளக் கணக்கு மாற்ற முடியாது. மாற்றக்கூடியது நம் கையில் இருப்பதுதான். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே மருத்துவரும் குடும்பமும் முதலாளியும் சேர்ந்து நான்கு மாதத்துக்கான திட்டம் போட வேண்டும். யார் சமைப்பது, யார் கூட இருப்பது, வாடகை எப்படி, திரும்பி வந்தால் உட்கார்ந்து பார்க்கும் வேலை உண்டா என்று எல்லாவற்றையும் எழுதி முடிவு செய்ய வேண்டும். உட்கார்ந்து செக்கிங் பார்க்க ஒரு நாற்காலி போடுவதற்குப் பெரிய செலவில்லை. நாற்காலியும் ஓய்வு நாட்களும் இந்தச் சிகிச்சையின் பகுதிகளே. துணியும் சிமென்ட்டும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம்.